சத்தம் வராத சார்ஜர் ஒயர்

கடையில் கேட்டால் கையில் கொடுத்துவிடுவார்கள். அதை விட்டுவிட்டு, இரண்டு பழைய ஒயர்களை அறுத்து ஒட்டுப்போட்டு, மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி, சொந்தமாக ஒரு சார்ஜர் ஒயர் செய்துகொண்டு அலைகிற ஆளைப் பற்றி என்னதான் நினைப்பது? கஞ்சன் என்று நினைக்கலாம். வெறும் கஞ்சன் என்றால் தொலைகிறது, குடும்பத்துக்கு நல்லதுதான் என்று விட்டிருப்பேன். எனக்குப் பொறி தட்டியது வேறு விஷயத்தில்.

அவன் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன். என் தங்கை ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கட்டடத்து லிஃப்ட் ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டவள் இவள், வெளியிலிருந்து கதவைத் திறந்தவன் அவன். கதவைத் திறந்துவிட்டவனையெல்லாம் கட்டிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவள் சண்டை போடவில்லை. "நீ சரின்னா சரிக்கா, இல்லேன்னா இல்ல" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு எல்லாமே நான்தான். அந்தச் 'சரி'யை என் வாயிலிருந்து வாங்கத்தான் அவன் ஞாயிறு தவறாமல் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தான்.

நான் லேசில் சரி சொல்கிற ஆளில்லை. என்னைக் கட்டியவன் இரண்டு போன் வைத்திருந்தான். இரண்டாவது போன் இருந்தது ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் தங்கை விஷயத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டின் முன்னறைதான் என் கடை. ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன். வருகிறவர்கள் போனிலிருந்து பிரிண்ட் கேட்டால், ஒயரில் மாட்டி என் கம்ப்யூட்டரில் செருகச் சொல்வேன். கம்ப்யூட்டர் 'டிங்' என்று ஒரு சத்தம் போடும். இந்தக் கம்ப்யூட்டர் உள்ளே பார்க்கலாமா என்று போன் கேட்கும். அதை ஒருத்தரும் படிப்பதில்லை. கட்டை விரலால் 'அனுமதி' என்பதை ஒரு தட்டு, அவ்வளவுதான், குடும்பம் மொத்தமும் என் திரையில் வந்து நிற்கும். வேண்டிய பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மூடிவிடுவேன். அடுத்தவர் சமாசாரம் நமக்கெதற்கு.

தங்கையின் போன் அந்தக் கணக்கில் சேராது, அது வீட்டு விஷயம். வேலை முடிந்து வந்ததும் என் கம்ப்யூட்டரில்தான் சார்ஜ் போடுவாள். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். பொறுப்பு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் கொஞ்ச நாளாக அதில் டிங் வருவதில்லை. சார்ஜ் மட்டும் ஏறும். கேட்டால், போன் ஓட்டையில் தூசி அடைத்துவிட்டது போலிருக்கிறது என்றாள். ஊசியை வைத்து நானே நோண்டிப் பார்த்தேன், பயனில்லை. அவளோ அதைப் பற்றிக் கவலையே இல்லாமல், தன் ஒயர் முழுக்க நீல நூலைச் சுற்றி அழகு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் முதல் தடவை வந்தபோதே போனில் சார்ஜ் இல்லை என்றான். சுவரில் இருக்கிற பிளக் மூன்றும் கம்ப்யூட்டருக்கும் ஜெராக்ஸ் மிஷினுக்கும் லேமினேஷனுக்கும் சரியாகிவிடும். கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளச் சொல்லி என் ஒயரை நீட்டினேன். வாங்கவில்லை. "இருக்கட்டுங்க்கா, என்கிட்டயே இருக்கு" என்று சட்டைப் பையிலிருந்து இந்த ஒட்டுப்போட்ட ஒயரை எடுத்தான். செருகினான். சார்ஜ் ஏறியது. டிங் வரவில்லை.

அங்கேதான் எனக்குச் சந்தேகம் முளைத்தது. அடுத்த ஞாயிறும் அதே ஒயர், அதே அமைதி. இவன் போனிலும் தூசியா? கையோடு ஒயரைக் கொண்டுவருகிறான், வேறு ஒயரைத் தொட மாட்டேன் என்கிறான். வாயைக் கிண்டிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே, பழைய ஒயரைத் தூக்கிப்போட மனசு வரவில்லை, வீட்டிலேயே செய்தது என்றான். மறைக்கிறவன் எப்போதும் சிரிப்பான். என் வீட்டுக்காரனும் நன்றாகச் சிரிப்பான்.

மூன்றாவது ஞாயிறு, எங்கேயோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாக அழைப்பு வந்து போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். ஒயர் என் கம்ப்யூட்டரிலேயே தொங்கியது. அவன் தெருமுனை தாண்டும் வரை பொறுத்திருந்துவிட்டு டேப்பைப் பிரித்தேன்.

ஒயருக்குள் என்ன இருக்கும் என்பது எனக்குத் தெரியும். ஒருமுறை பிரிண்டர் ஒயரை எலி கடித்துவைத்தபோது நானே ஒட்டுப்போட்டிருக்கிறேன். சிவப்பு, கறுப்பு, வெள்ளை, பச்சை என்று நாலு கம்பி. சிவப்பும் கறுப்பும் கரண்டுக்கு. வெள்ளையும் பச்சையும் போனில் இருக்கிற விஷயங்கள் போய்வர. இவன் ஒயரில் சிவப்பும் கறுப்பும் மட்டும் சேர்ந்திருந்தன. வெள்ளையையும் பச்சையையும் ஒட்ட நறுக்கி, மடக்கி, தனித்தனியாக டேப் சுற்றிவைத்திருந்தான். அறுந்து போகவில்லை, வேண்டுமென்றே நறுக்கியது. கரண்டு ஏறலாம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இப்படி ஒரு ஒயரை உட்கார்ந்து செய்கிறவனுக்கு மறைக்க எவ்வளவு இருக்க வேண்டும்!

தங்கையிடம் காட்டவில்லை. காட்டினால் அவனிடம் கேட்பாள், அவன் சிரித்தே மழுப்பிவிடுவான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

கட்டிங் பிளேடை எடுத்தேன். அவன் போட்ட ஒட்டை அப்படியே வெட்டி எறிந்தேன். இரண்டு முனையிலும் மேல்தோலை ஒரு விரல் நீளம் உரித்து, நாலு கம்பியையும் பிரித்து, பல்லால் கடித்தே நுனி சீவினேன். சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை என்று முறுக்கி, ஒன்றோடொன்று படாமல் துண்டு டேப் சுற்றினேன். எல்லாவற்றுக்கும் மேலே அவனுடையதைப் போலவே கறுப்பு டேப். ஒட்டுப்போட்ட இடம் கொஞ்சம் புடைத்துக்கொண்டு நின்றது, மாத்திரையை விழுங்க முடியாத தொண்டை மாதிரி. இழுத்து இழுத்துச் சுற்றியும் அமுங்கவில்லை. யார் இதையெல்லாம் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். என் போனை மாட்டிப் பார்த்தேன். டிங். என் காதுக்கு அவ்வளவு இனிப்பாக அந்தச் சத்தம் என்றைக்கும் கேட்டதில்லை.

அடுத்த ஞாயிறு நான் சமையலையே சீக்கிரம் முடித்துவிட்டேன். அவன் வந்தான். ஒயரை இங்கேயே விட்டுப்போனதற்கு மன்னிப்புக் கேட்டான். பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எடுத்துக் கொடுத்தேன். போனில் மாட்டப்போனவன், விரல் ஒட்டுப்போட்ட இடத்துக்கு வந்ததும் நின்றான். கட்டை விரலால் அந்தப் புடைப்பை ஒருமுறை தடவினான். எனக்குத் திக்கென்றது. ஆனால் அவன் எப்போதும் போல மாட்டினான், செருகினான்.

டிங்.

போன் திரையில் கேள்வி வந்தது. என் கடைக்கு வருகிற யாரும் அதைப் படித்ததில்லை. அவன் படித்தான். படிக்க வேண்டியதைவிட அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'அனுமதி'யைத் தட்டினான்.

"நான் உள்ள போய் சாப்பிட்டு வரேன்க்கா. அவசரமில்ல, முழுசா ஏறட்டும்."

மாட்டிக்கொண்டான் மடையன் என்று நினைத்தேன். உள்ளே தங்கை தட்டு வைக்கிற சத்தம் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு போல்டராகத் திறந்தேன்.

லிஃப்ட் மோட்டார். கிரீஸ் வழிகிற சக்கரம். கருகிப்போன போர்டு, அதே போர்டு பக்கவாட்டில், அதே போர்டு இன்னும் கிட்டத்தில். கம்பி வடம். எந்த மாடியில் நிற்கவில்லை என்று காட்ட எடுத்த பொத்தான்கள். பத்துப் பதினைந்து படத்துக்கு ஒருமுறை என் தங்கை, அதுவும் தெருவோரத்தில் நின்று சிரிக்கிறாள், அவ்வளவுதான். இன்னொரு பெண் இல்லை, இன்னொரு வீடு இல்லை. எனக்கு ஏமாற்றமாக இருந்தது. அதைச் சொல்வதற்கென்ன, நிஜமாகவே ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மூடப்போகும்போது ஒரு படம் வந்தது. விரித்துப்போட்ட செய்தித்தாள் மேல் தோல் உரித்த இரண்டு ஒயர்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. இரண்டிலும் வெள்ளையும் பச்சையும் நறுக்கியிருக்கிறது. ஒன்றின் பக்கத்தில் கறுப்பு டேப். இன்னொன்றின் பக்கத்தில் நீல நூல்கண்டு. ஒயரை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற கையில் மோதிரம். அம்மாவின் மோதிரம், என் கையாலேயே தங்கைக்குப் போட்டுவிட்டது.

மேஜை ஓரத்தில் தங்கையின் ஒயர் கிடந்தது. நீல நூலை நகத்தால் நெம்பினேன். நூலுக்கு அடியில் டேப். அதைப் பிரிக்கவில்லை. பிரித்துப் பார்க்க என்ன இருக்கிறது? தூசி என்று அவள் சொன்னதும், நான் ஊசியோடு உட்கார்ந்து நோண்டியதும், அவள் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்ததும் வரிசையாக வந்து போயின. எனக்கு முகமெல்லாம் எரிந்தது.

திரும்பினால் இருவரும் வாசற்படியில் நிற்கிறார்கள். சாப்பிட்ட கைகூட இன்னும் கழுவவில்லை.

முதலில் அவன்தான் பேசினான், கோபமே இல்லாமல். அவர்கள் தொழிலில் எல்லாக் கம்பியையும் ஒரே இடத்தில் சேர்க்க மாட்டார்களாம். ஒன்றை இங்கே சேர்த்தால் அடுத்ததை ஒரு விரல் தள்ளிச் சேர்ப்பார்களாம், புடைக்கவும் புடைக்காது, ஒன்றோடொன்று உரசவும் செய்யாது. ஒயரைக் கையில் எடுத்ததுமே வேறு கை பட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டதாம். "தெரிஞ்சுதான் அனுமதி குடுத்தேன்க்கா. நீங்க ஒரு தடவ பாத்து முடிச்சிட்டா நல்லதுன்னு தோணுச்சு."

நான் அவனை விட்டுவிட்டு அவளைப் பிடித்தேன். இதெல்லாம் யார் யோசனை என்று கேட்டேன். தன்னுடையதுதான் என்றாள். அவன் வேண்டாம், நேராகக் கேட்டுவிடலாம் என்றானாம். இவள்தான் கேட்டால் வீடு இரண்டாகும் என்று சொல்லி, தனக்கு ஒன்றும், இங்கே வரும்போது கொண்டுவர அவனுக்கு ஒன்றும் செய்யவைத்தாளாம்.

"நான் என்னடி பண்ணேன் உனக்கு?"

"என் கூட வேலை பாக்கறவ ஸ்கேன் படம் அனுப்பினாள்ல, எனக்கு மட்டும்னு. அவ புருஷனுக்கே அப்ப சொல்லல. நீ மார்க்கெட்ல அவங்க அம்மாவப் பாத்து வாழ்த்து சொல்லிட்டு வந்துட்ட." அவள் குரல் உயரவே இல்லை. "அதுக்கப்புறம் அவ என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்ல. உனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு அவங்க கேப்பாங்கன்னு கூட நீ நினைச்சுப் பாக்கல."

அந்த வாழ்த்து எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அந்த அம்மாள் முகம் ஏன் அப்படி ஆனது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. நல்ல விஷயத்தைச் சொன்னால்கூட மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்கிறார்களே என்று வீட்டில் வந்து திட்டினேன். அதைக் கேட்டுக்கொண்டு இவள் பேசாமல் சாப்பிட்டாள்.

இருந்தாலும் என் வாய் சும்மா இருக்குமா? "அப்படி நான் பாக்கக் கூடாதது என்னதான் வச்சிருக்க உன் போன்ல?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்லக்கா. அந்த ஒண்ணும் இல்லாததையும் நீ பாக்கக் கூடாது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அழுகை வந்தது, ஆத்திரமும் வந்தது. எது முதலில் வந்தது என்று தெரியாமல் மேஜையைத் துடைத்தேன். வளர்த்தவள் நான், காவல் காத்தவள் நான். யாரிடமிருந்து என்று இவ்வளவு நாள் காத்தேனோ, அந்த ஆள் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தது. இதை ஏற்றுக்கொள்ள எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அழுகையை அடக்கிக்கொண்டு, தங்கையைப் பார்க்காமல், அவனிடம் சொன்னேன். "சரிப்பா. எனக்குச் சரிதான். நாள் பாருங்க."

நிமிர்ந்து பார்த்தேன். அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் அம்மாவின் மோதிரத்தை விரலில் திருகிக்கொண்டிருந்தாள்.

"நாள் பாத்தாச்சுக்கா. போன வாரமே பாத்துட்டோம்" என்றாள். "இன்னிக்கு உன்கிட்ட சொல்லலாம்னுதான் இருந்தோம்."

சொல்லிவிட்டு மேஜைக்கு வந்து, கம்ப்யூட்டரிலிருந்து அவன் போனைப் பிடுங்கினாள். பிடுங்கும்போதும் கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போடும், கொஞ்சம் இறங்கின குரலில். இருவரும் கை கழுவ உள்ளே போனார்கள். புடைத்த ஒயர் மட்டும் என் முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.