மாமாவின் அலுமினிய ரேடியேட்டரும் அடிக்கச் சொன்ன பத்தியும்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்மேல் வருத்தப்படாதீர்கள். நான் எழுத உட்கார்ந்தது ஒரு காதல் கதை. முதல் பத்தி நன்றாகவே வந்திருந்தது. அப்போதுதான் அக்கா போன் செய்து, "உங்க மாமா வண்டி மறுபடியும் கொதிச்சு நின்னுடுச்சுடா" என்றாள். காதல் கதை அந்த ஆவியிலேயே வெந்துபோயிற்று.

தொடக்கம்: "மலைப்பாதையின் வளைவில் வெண்புகை மெல்ல எழுந்து, பறவையொன்றின்..."

வேண்டாம். பறவையும் இல்லை, ஒன்றும் இல்லை. வண்டியின் பானட்டுக்குள்ளிருந்து வந்த ஆவி அது.

இன்னொரு தொடக்கம்: "பித்தளை ரேடியேட்டருக்கும் அலுமினிய ரேடியேட்டருக்கும் உள்ள வேறுபாடு யாதெனில்..."

இதைப் படிப்பதற்கு நீங்கள் என்ன பாவம் செய்தீர்கள்? நேராகவே சொல்கிறேன்.

2

அக்கா நர்ஸ். மலைமேல் இருக்கும் குடியிருப்புகளுக்குப் போய்க் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது அவள் வேலை. ஐஸ் வைத்த பெட்டியோடு அவளை ஏற்றிக்கொண்டு போவது அவள் கணவர், அதாவது என் மாமா. வண்டி, என்னைவிட வயதில் மூத்த ஒரு ஜீப். கரடுமுரடான ஏற்றத்தில் அதை விட்டால் வேறு எதுவும் ஏறாது.

இன்ஜினைக் குளிரவைக்கும் அதன் பழைய பித்தளை ரேடியேட்டர் ஒழுக ஆரம்பித்தது. பற்றவைப்பவர் பார்த்துவிட்டு, "இன்னும் ரெண்டு இடத்துல பத்த வச்சா போதும், ஓடும்" என்றார். மாமா கேட்பாரா? செல்போனில் தேடித் தேடி, அசல் கம்பெனி அல்லாத வேறு யாரோ செய்த ஓர் அலுமினிய ரேடியேட்டரை வரவழைத்தார். அவரே மாட்டினார். மெக்கானிக்கைக் கிட்டவே விடவில்லை.

"பளபளன்னு எப்படி இருக்கு பாரு! எடை பாதிகூட இல்ல. அளவெடுத்துச் செஞ்ச மாதிரி பொருந்திடுச்சு."

அன்றிலிருந்து சமதளத்தில் வண்டி சமத்தாக ஓடும். ஏற்றத்தில் ஊர்ந்து போனால் பாதி வழியில் கொதித்து நிற்கும். மாமா முதலில் ரேடியேட்டர் மூடியைக் குற்றம் சொன்னார். பிறகு தெர்மோஸ்டாட், பிறகு கூலண்ட், பிறகு வெயில். கடைசியில் அக்காவின் ஐஸ் பெட்டி கனமாக இருக்கிறதாம்.

போன தடவை ஓடைக்குப் பக்கத்திலேயே நின்றது. அக்கா இறங்கி, "அதோ தண்ணி ஓடுது, மொண்டு ஊத்துங்களேன்" என்றாள்.

"அலுமினியத்துக்குக் கண்ட தண்ணியும் ஆகாது. உள்ள அரிச்சிடும்."

"இங்க ஐஸ் உருகுதுங்க!"

"கொஞ்சம் பொறு. தானா ஆறட்டும்."

(மாமா சொன்னது சரிதான், கண்ட தண்ணீரிலும் உள்ள உப்பு நாளடைவில் அலுமினியத்தை அரிக்கும். சரியான விஷயத்தைத் தப்பான நேரத்தில் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.)

அக்கா பொறுக்கவில்லை. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே நடந்தாள். திரும்பி வந்ததும் சொன்னாள்: "இன்னொரு தடவை நடுவழியில நின்னா, நான் டவுன் ஆஸ்பத்திரிக்கு மாத்தல் கேட்டுட்டு அங்கயே குவார்ட்டர்ஸ்ல இருந்துக்கறேன். நீங்களும் உங்க அலுமினியமும் சேர்ந்து குடித்தனம் பண்ணுங்க."

இன்று மறுபடியும் நின்றிருக்கிறது. திங்கட்கிழமை மாத்தல் கேட்கப் போகிறாள். என் அக்கா சொன்னால் செய்கிறவள்.

3

இங்கே கதை மாட்டிக்கொண்டது. நிஜத்தில் வண்டி சும்மா கொதிக்கலாம், கதையில் கொதிக்கக் காரணம் வேண்டும். எனக்கு வண்டியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் பின் சீட்டில் உட்காரத் தெரியும் என்பதுதான். ஒரு மத்தியானம் முழுக்க அதையும் இதையும் படித்துவிட்டு, சொந்தமாக ஒரு காரணம் கட்டினேன். கவனியுங்கள், கற்பனை:

ஷெட்டில் மாமா புது ரேடியேட்டரை உட்காரவைத்தார். பழையதைவிட அது இரண்டு விரல் தடிமன். ஃபேனைச் சுற்றி இருந்த கவர் இப்போது மாட்ட முடியவில்லை. நெட்டித் தள்ளிப் பார்த்தார், முறுக்கிப் பார்த்தார். அசையவில்லை. அப்போது வாசலில் மனைவி. "பொருந்துச்சா?" வாங்காதீர்கள் என்று அவள் தலைபாடாய் அடித்துக்கொண்ட சாமான் அது. மாமா அந்தக் கவரைக் காலால் சாக்குக்குப் பின்னால் தள்ளினார். "அளவெடுத்துச் செஞ்ச மாதிரி" என்றார்.

(கவர் இல்லாவிட்டால் என்ன? வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைத் தானாகவே குளிரவைக்கும். ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது ஃபேன் இழுக்கும் காற்றுதான் கதி. கவர் இல்லாத ஃபேன், ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காமல் பக்கத்திலிருக்கும் சூட்டையே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருக்கும்.)

4

எழுதியதும் சந்தேகம் வந்துவிட்டது. மாமா அப்படிப்பட்டவரா? பிடிவாதக்காரர், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கட்டிய மனைவி மலையேறி நடப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு கவரை மறைத்து வைப்பாரா? ஒரு பாத்திரத்தை இவ்வளவு மட்டமாக எழுதலாமா?

முடிவு ஒன்று: அக்கா கவரைக் கண்டுபிடிக்கிறாள். பெட்டி கட்டுகிறாள். (சீரியல்.)

முடிவு இரண்டு: ஜீப் ஒரே மூச்சில் மலையேறுகிறது, இருவரும் உச்சியில் நின்று சூரியன்... (நானே படிக்க மாட்டேன்.)

முடிவு மூன்று: மாமா தானாகவே முன்வந்து

இல்லை. மாமா எந்தக் காலத்தில் தானாக முன்வந்தார்?

வெறுத்துப்போய், மூன்றாம் பகுதியை மட்டும் மாமாவின் போனுக்கு அனுப்பினேன். 'வண்டி விஷயத்தில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்' என்று போட்டேன்.

5

உடனே கூப்பிட்டார். ரகசியக் குரல்.

"மாப்ளே, சாக்குக்குப் பின்னாடி கவர் இருக்கறத உனக்கு யார் சொன்னா?"

நான் கட்டிவிட்ட கதைய்யா அது!

"யாரும் சொல்லல மாமா. சும்மா எழுதினேன்."

"அந்தப் பத்திய அடிச்சிடு. உங்க அக்கா படிப்பா."

"ஏன் மாமா இப்படிப் பண்றீங்க? முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"முதல் நாள் சொல்லியிருக்கலாம். ரெண்டாவது நாள் வெக்கமா இருந்துச்சு. அப்புறம் அவ பெட்டியத் தூக்கிட்டு நடந்தா பாரு... அதுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுட்டுச் சொல்றது?"

இத்தனை நாள் எரிச்சல்பட்ட மனுஷன்மேல் எனக்கு அந்த நொடியில் பரிதாபம் வந்தது. அடுத்த நொடியே எரிச்சலும் திரும்பி வந்தது.

"ரேடியேட்டரக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வச்சா கவர் மாட்டிடும் மாப்ளே. நாளைக்கே மாட்டிடறேன். வண்டி ஏறிடும். அவளும் போக மாட்டா. நீ அத மட்டும் அடிச்சிடு, போதும்."

யோசித்துப் பார்த்தால் நல்ல முடிவுதான். வண்டி ஏறும். அக்கா மனம் மாறினாலும் மாறுவாள். ஆனால் தன் ஐஸ் பெட்டியின் கனத்தால்தான் வண்டி நின்றது என்று காலம் முழுக்க நினைத்துக்கொண்டிருப்பாள்.

"அடிக்க மாட்டேன் மாமா. அவகிட்டயும் காட்ட மாட்டேன். நீங்களே சொல்லுங்க."

அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. "யாருங்க போன்ல?"

"உன் தம்பி."

"என்னவாம்?"

மாமா மூச்சை இழுத்தார். நான் லைனில் இருந்தால் என்னைச் சாக்காக வைத்து எதையாவது சொல்லி மழுப்பிவிடுவார். அதனால் போனை வைத்துவிட்டேன்.

கதை எனக்கு இவ்வளவுதான் தெரியும். என்னவாம் என்று கேட்டுவிட்டு அக்கா நிற்கிறாள். மாமாவின் கையில் என் குரல் இல்லாத போன் இருக்கிறது. வாசகரே, மிச்சத்தை உங்களிடம் விடுகிறேன். தயவுசெய்து நீங்களும் அவருக்கு எடுத்துக்கொடுக்காதீர்கள். அவர் வாயாலேயே வரட்டும்.