ஜன்னலோரக் கூண்டு

ஆய்விதழிலிருந்து வந்த மின்னஞ்சலை மூன்றாவது தடவையாகப் படித்தேன். என் கட்டுரையை இரண்டு மதிப்பீட்டாளர்கள் பார்த்திருந்தார்கள். வழக்கம்போல் பெயர் கிடையாது. முதலாமவர் நாலு வரி பாராட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இரண்டாமவர்தான் குடியைக் கெடுத்தார். புது மருந்து எலிகளின் மூட்டு வீக்கத்தைக் குறைக்கிறது என்பதை அவர் நம்பவில்லையாம். ஜன்னலோரக் கூண்டில் இருந்த ஆறு எலிகள் எங்கே என்று கேட்டிருந்தார்.

என் கட்டுரையில் ஜன்னல் என்ற வார்த்தையே கிடையாது.

அந்தக் கூண்டைப் பற்றித் தெரிந்தவர்கள் மூன்றே பேர். நான், எங்கள் பேராசிரியர், போன வருடம் வரை என்னோடு முறை வைத்து எலிகளுக்குத் தீனி போட்ட அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை, கூட வேலை பார்த்தவள். இப்போது வேறு ஆய்வகத்தில் இருக்கிறாள். பேராசிரியர் தன் பெயரும் உள்ள கட்டுரையில் தானே மண்ணை வாரிப் போட மாட்டார். மிச்சம் அக்காதான்.

வாராவாரம் போன் போட்டுக் கட்டுரையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டது இதற்குத்தானா? இது வெளியானால்தான் அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாகும் என்று அவளுக்குத் தெரியும். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதழாசிரியருக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். மதிப்பீட்டாளர் என் பழைய சகா, இது விதிக்குப் புறம்பு என்று சூடாக ஆரம்பித்தேன். ஆதாரம் வேண்டுமே? கட்டுரையில் நான் விட்டுவிட்ட கூண்டு அவருக்கு எப்படித் தெரியும் என்று எழுதினேன். எழுதியதை ஒருமுறை படித்ததும் கை நின்றுவிட்டது.

அக்காவையே கூப்பிட்டேன்.

"நீதானேக்கா அது?"

"நான்தான். அந்தக் கூண்டையும் சேத்தியான்னு உன்கிட்ட எத்தனை தடவ கேட்டேன்? சேத்துட்டேன்னு நீதானே சொன்ன."

ஆமாம், சொன்னேன். அந்த ஆறுக்கும் வீக்கம் குறையவில்லை. வெயில் பட்டதால்தான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மருந்து பலிக்கவில்லை என்ற கட்டுரையை எந்த இதழும் லேசில் போடாது.

புகாரை அழித்தேன். குறிப்பேட்டைத் தேடி எடுத்து, ஆறு எலிகளின் அளவுகளையும் அட்டவணையில் சேர்த்தேன். மருந்து கொடுத்த எலிக்கும் கொடுக்காத எலிக்கும் வித்தியாசமே இல்லை. அதையே தலைப்பாகப் போட்டு, அடுத்த மாதத்தை நினைக்காமல், திருப்பி அனுப்பினேன்.