எண்பத்தொன்பது சதவீதம்

முதற்கண் பொறுத்தருள வேண்டுகிறேன். கதை எழுதிப் பழகாத கை இது, ஒருவர் மனத்தில் ஓடியதை ஓடியபடியே எழுதத் துணிவது அதிகப்பிரசங்கித்தனம் என்பதையும் அறிவேன், ஆயினும் உதவிப் பேராசிரியை மேகலாவும் அந்த நேரத்தில் ஒரு மன்னிப்பைத்தான் மனத்துக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்... பெருமதிப்பிற்குரிய ஜியாவுதீன் அவர்களுக்கு, தங்கள் டேனரியில் காயப்போடும் தோல்களைக் கேமராவால் எண்ணும் கருவியை எம் மாணவர்கள் செவ்வனே... வேண்டாம், செவ்வனே என்பதை ஆறு கடிதங்களிலும் போட்டாயிற்று, அந்த ஜியாவுதீனே இதோ இரண்டடி தள்ளிக் கைகட்டி நிற்கிறார், எதிரே டேனரிக் கொட்டகையின் கழிகளில் நாற்பது தோல்கள் தொங்குகின்றன, மடிக்கணினித் திரையில் பூஜ்யம். பூஜ்யத்தைப் போய் எழுபது சதவீதம் முடிந்தது என்று எப்படி எழுதினோம்? முதல் வெள்ளிக்கிழமைக் கடிதத்தில் அது யார் மனத்தையும் புண்படுத்தாத எண்ணாகத் தோன்றியது, அடுத்த வாரம் எண்பது, பிறகு எண்பத்தைந்து, எண்பத்தேழு, எண்பத்தெட்டு, எண்பத்தொன்பது... ஒருமுறை ஏறிவிட்டால் இறங்க வழியில்லை, நூறைத் தொடவும் தைரியமில்லை, ஆகவே கசப்பு மருந்தைப் போலத் துளித்துளியாக ஏற்றினாள். ஒவ்வொரு முறையும் அவரிடமிருந்து ஒரே பதில், "நல்லது மேடம்".

தவறு விடுதிக் காப்பாளருடையது என்றும் சொல்லலாம், கருவியைப் பழக்கத் தோல் கொண்டுவந்தால் நாற்றம் தாங்காது என்று வாசலிலேயே மறித்தவர் அவர்தானே, அதனால்தான் மாணவன் கார்முகிலன் குடியாத்தத்துத் தறிவீட்டுப் பிள்ளையாகப் பிறந்த கடமைக்கு வீட்டிலிருந்து நாற்பது லுங்கிகளைக் கொண்டுவந்து விடுதித் தாழ்வாரத்தில் கட்டினான், தொங்குவது எதுவானால் என்ன மேடம் என்றான், அவளும் தலையாட்டினாள், கடிதங்களில் தோல் என்ற இடத்திலெல்லாம் மாதிரிப் பொருள் என்று மாற்றினாள், அது எத்தனை கண்ணியமான சொல்... பக்கத்தில் அவனுடைய கூட்டாளி மாணவி மெர்சி நகத்தைக் கடிக்கிறாள். திங்கட்கிழமைக்குள் திட்டப் படிவத்தில் வாடிக்கையாளர் ஜியாவுதீனின் கையெழுத்து வராவிட்டால் இருவருக்கும் இறுதித் தேர்வு இல்லை, மெர்சிக்குச் சென்னையில் கிடைத்த வேலையும் இல்லை, இது தெரிந்துமா எண்பத்தொன்பது? அப்போது தோல்களைத் திருப்பிப் போட டேனரித் தொழிலாளி காசி குறுக்கே போனார், கட்டம் போட்ட பச்சை லுங்கி, திரையில் ஒன்று.

"பாய், என்னை எண்ணுது பாய்," என்றார் காசி. திரும்பி நடந்தார், இரண்டு. சந்தேகம் தீர இன்னொரு நடை, மூன்று. "இன்னா தம்பி, தோலு உங்க கண்ணுக்குத் தெரியலயா, என் லுங்கிதான் தெரியுதா?"

கார்முகிலன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். "நீ சும்மா நட்ந்துனே இருடா காசி, நாப்பது ஆய்டும், எல்லாரும் வூட்டுக்குப் போலாம்," என்றார் ஜியாவுதீன், சிரிக்காமல்.

மேகலா, சார், எமது வருத்தத்தை, என்று தொடங்கினாள், அவர் கையமர்த்தினார். "ஆறு லெட்டர்லயும் தோல்ன்ற வார்த்தையே இல்ல மேடம், மொத வாரமே பார்த்தேன். நாங்களும் வெளிநாட்டு பார்ட்டிக்கு இப்டித்தான் எழுதுவோம். சரக்கு தயார் நிலையில இருக்குன்னா தோல் இன்னும் தொட்டியில ஊறுதுன்னு அர்த்தம். அவனும் நல்லதுன்னுதான் பதில் போடுவான்." பேனாவை எடுத்தார், படிவத்தை வாங்கினார். "முடிஞ்சதுன்னு எழுத மாட்டேன். எத்தினி முடிஞ்சிருக்குன்னு நிஜமா சொல்லுங்க, அதை எழுதிக் கையெழுத்து போடறேன். காலேஜ் ஒத்துக்குமா ஒத்துக்காதா, அது உங்க பாடு."

நிஜமாக என்றால்... கேமரா இருக்கிறது, எண்ணத் தெரிந்திருக்கிறது, எதை எண்ணுவது என்பதுதான் தெரியவில்லை, அதற்கு எத்தனை சதவீதம்? மெர்சி அவளையே பார்க்கிறாள், காசியும் நடப்பதை நிறுத்திவிட்டார், ஐம்பது என்றால் பேராசை, பத்து என்றால் பிள்ளைகளின் உழைப்புக்கு அவமரியாதை... "முப்பது சார்," என்றாள். அவர் எழுதினார், கையெழுத்திட்டார், ஊதி மையை உலர்த்தினார். பேருந்து நிறுத்தம் வரை படிவத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தவளுக்கு, முப்பது உண்மை என்பதால் சொன்னோமா, உண்மையைப் போல ஒலித்தது என்பதால் சொன்னோமா என்று மட்டும் பிடிபடவில்லை.

இழந்தவை: ஆறு வெள்ளிக்கிழமைகள். எண்பத்தொன்பதில் முப்பது போக, ஐம்பத்தொன்பது சதவீதம். கார்முகிலன் சோதனைக்கென்று கொண்டுபோனதில், காசி அளவு பார்த்துவிட்டுத் திருப்பித் தராத ஊதா லுங்கி ஒன்று. மெர்சியின் வேலை இதில் சேருமா என்பது திங்கட்கிழமை தெரியும்.