கூடத்துக்கு இரண்டு பெட்டி

எண்பத்து மூன்றாம் வருஷம். மரியமுத்து இறந்த ஏழாவது மாதம், பிரான்சில் இருக்கும் அவன் அண்ணன் அனுப்பிய பார்சல் தருமபுரத்து வீட்டுக்கு வந்தது. உள்ளே, ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாகச் சேர்ந்த வெள்ளி நிறப் பெட்டி ஒன்று. எடை கூடிவிடும் என்பதால் ஸ்பீக்கரை மட்டும் ஊரிலேயே வாங்கிக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தான்.

வீட்டில் இரண்டு பேர்தான். மரியமுத்துவின் அப்பா இஞ்ஞாசி, கோர்ட்டில் டவாலியாக இருந்து ஓய்வு பெற்றவர். மரியமுத்துவின் மனைவி ஆரோக்கியசெல்வி, பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். மஞ்சள் காமாலை ஒன்பதே நாளில் அவனைக் கொண்டுபோயிருந்தது. அதற்குப் பிறகு இருவரும் சண்டை போடவில்லை, சேர்ந்து அழவும் இல்லை. "சோறு வச்சிருக்கேன் மாமா", "சரிம்மா" என்பதற்கு மேல் பேச்சு வளரவில்லை. கோட்டுச்சேரியிலிருந்து அவளுடைய அண்ணன் மூன்று தடவை வந்து, தன் வீட்டோடு இருக்கக் கூப்பிட்டுவிட்டுப் போனான். வருகிறேன் என்றும் அவள் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை.

பார்சல் பத்து நாள் மூலையில் கிடந்தது. ஒரு சனிக்கிழமை காலை இஞ்ஞாசி சட்டையை மாட்டிக்கொண்டு, "ஸ்பீக்கர் பாத்துட்டு வரலாம், நீயும் வா" என்றார். செல்வி செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

கடைத்தெருவில் மீரா சாகிப்பின் ரேடியோ கடை. பிரான்ஸ் பெட்டியின் பின்பக்கம் அச்சடித்திருந்ததைச் செல்வி ஒரு தாளில் எழுதி எடுத்து வந்திருந்தாள். மீரா சாகிப் அதை வாங்கிப் படித்தார்.

"பதினஞ்சு வாட்தான். எங்க வைக்கப்போறீங்க?"

"கூடத்துல, சுவத்து அலமாரியில. பத்தடிக்குப் பன்னெண்டடி இருக்கும். ஓட்டு வீடு" என்றார் இஞ்ஞாசி.

அவர் இரண்டு வகை காட்டினார். ஒன்று இடுப்பு உயரம், முகப்பில் கலர் பல்பு எரிந்தது. ஊரில் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்களாம். இன்னொன்று ஒன்றரைச் சாண் உயரத்தில் சின்னப் பெட்டி. உள்ளூர்த் தச்சர் செய்தது, உள்ளே மட்டும் மெட்ராஸ் சரக்கு. முதலில் பெரியதில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டார். தரை அதிர்ந்தது. பிறகு அதே பாட்டைச் சின்னதில் போட்டார்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் செல்வி. பெரியதற்கும் அதையேதான் சொல்லியிருந்தாள். இரண்டும் அவளுக்குச் சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் கேட்பது போலத்தான் இருந்தது.

இஞ்ஞாசி சொன்னார்: "பாட்டு வேணாங்க. யாராவது பேசுறது இருந்தா போடுங்க."

மீரா சாகிப் கொஞ்சம் யோசித்துவிட்டு இழுப்பறையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். "வீட்டுக்காரி தம்பி சவுதியிலேர்ந்து அக்காளுக்குப் பேசி அனுப்புனது, கடுதாசிக்குப் பதிலா. ரகசியம் ஒண்ணும் இல்ல, கேளுங்க."

"லாத்தா, நான் நல்லா இருக்கேன். ரூம்ல ஆறு பேரு. இன்னைக்கு ஆக்குற முறை என்னோடது. மீன் ஆணம் வச்சேன், புளி கூடிப்போச்சு..."

பெரிய பெட்டியில் அவன் குடத்துக்குள்ளிருந்து பேசினான். சின்னதற்கு மாற்றியதும் எதிர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்துகொண்டான். மூச்சு இழுப்பது கேட்டது. தொண்டையைச் செருமியது கேட்டது. அவனுக்குப் பின்னால் யாரோ கரண்டியைக் கீழே வைத்தார்கள். இஞ்ஞாசி பெட்டியைப் பார்த்துக் குனிந்தவர், கேசட்டின் அந்தப் பக்கம் ஓடி முடியும்வரை நிமிரவில்லை.

"இதுதான்" என்றார்.

"நல்ல காதுண்ணே உங்களுக்கு. பேச்சு சரியா வந்தா பாட்டும் சரியா வரும். விலையும் கம்மி. ஒரு ஜோடி எடுத்து வைக்கிறேன்."

"ஒண்ணு போதுங்க."

"ஸ்டீரியோண்ணே. ரெண்டு போட்டாத்தான் சரியா இருக்கும்."

"இந்தப் பொண்ணு அண்ணன் வீட்டுக்குப் போயிடும். நான் ஒருத்தன்தானே கேக்கப்போறேன்."

அதை அவர் குறையாகச் சொல்லவில்லை, பஸ் நேரம் சொல்வது போலச் சொன்னார். மீரா சாகிப் ஒரு துணியை எடுத்து மேஜைக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் போறேன்னு யாரு சொன்னது மாமா?"

"நீ சொல்லலம்மா. இல்லேன்னும் சொல்லலையே."

"இப்ப சொல்றேன். போகல."

இப்படி ஒரு வார்த்தை வரும்போது அழுகையோ கோபமோ கூடவே வரும் என்று அவள் நினைத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. ரவிக்கைக்கு அளவு சொல்வது போல வந்து விழுந்தது, அவ்வளவுதான். ஆனால் சொன்னது சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. இஞ்ஞாசி ஒரு தடவை தலையை ஆட்டினார்.

"ரெண்டையும் கட்டிக் குடுங்க" என்றார்.

சைக்கிள் ரிக்ஷாவில் ஆளுக்கொரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார்கள். அலமாரியில் இடம் வேண்டியிருந்தது. மரியமுத்துவின் பரீட்சைப் புத்தகங்களையும் சவர செட்டையும் செல்வி எடுத்து டிரங்குப் பெட்டிக்கு மாற்றினாள். எங்காவது வலிக்கும் என்று காத்திருந்தாள். கையில் தூசிதான் ஒட்டியது. இஞ்ஞாசி சிவப்பு, கறுப்பு ஒயர்களைக் கடைக்காரர் சொன்னபடி முறுக்கிச் சொருகினார். இடது பெட்டி பேசவில்லை. அவள் ஒயரை இன்னும் கொஞ்சம் சீவி அழுத்தினாள். பேசியது.

மத்தியானச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அணையில் எத்தனை அடி தண்ணீர், எந்தத் தேதியில் வாய்க்காலுக்கு வரும் என்று ஒரு ஆண்குரல் நிதானமாகச் சொன்னது.

வழக்கமாக அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் உட்காருவாள். அன்று இரண்டு தட்டையும் ஒன்றாக வைத்தாள்.

"சத்தம் குறைக்கணுமாம்மா?"

"இருக்கட்டும் மாமா."

தமிழ்ச் செய்தி முடிந்து இந்திச் செய்தி ஆரம்பித்தது. இருவருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. இஞ்ஞாசி ரசச் சட்டியை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். ரேடியோவை நிறுத்த யாரும் எழுந்திருக்கவில்லை.