வழக்கத்துக்கு மாறான பேச்சு

முடிதிருத்துபவர் கடையில் எல்லோர் தலையையும் குனியவைப்பார். வீட்டில் தன் தலையை நிமிர்த்தியதில்லை. மனைவிக்குப் பரம்பரையாக வந்த ஒரு கோளாறு. சாப்பாட்டில் புரதம் கொஞ்சம் கூடினாலும் ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளையைக் குழப்பிவிடும். "வழக்கத்துக்கு மாறா பேசினா உடனே கூட்டிட்டு வாங்க" என்றிருந்தார் டாக்டர். அன்றுமுதல் அவள் திட்டுவதெல்லாம் அம்மோனியாவின் வேலைதான் என்று இவர் நிம்மதியாக இருந்தார்.

ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு ஒருநாள் அவள் இவரையும், மாமியாரையும், கல்யாணம் பேசி முடித்த மாமாவையும் சேர்த்து வறுத்தெடுத்தாள். இவர் உடனே அவளை ஸ்கூட்டரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ரத்தத்தைச் சோதித்த டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். "அம்மோனியா சரியாத்தானே இருக்கு. அப்படி என்ன பேசினாங்க?"

இவர் ஒன்றுவிடாமல் ஒப்பித்தார்.

"இதுக்கு முன்னாடி இப்படிப் பேசினதே இல்லையா?"

"கல்யாணம் ஆனதுலேருந்து இதேதான் டாக்டர்."

"அப்போ உடம்புக்கு ஒண்ணுமில்ல. கூட்டிட்டுப் போங்க."

பாதி வழியில் அவள் இவர் தோளில் கை வைத்தாள். "பாவம், என்னால உங்களுக்கு எவ்வளவு அலைச்சல். எப்பவுமே நீங்க சொல்றதுதாங்க சரி" என்றாள்.

இவர் அடுத்த முனையிலேயே ஸ்கூட்டரை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினார்.