சரிபார்ப்பு அழைப்பு

ஹரியின் லேப்டாப்பிலிருந்து வந்த மீன் கடை இரைச்சல் கேட்டுத்தான் ரூஹி தலையைத் திருப்பினாள். தி.நகர் அலுவலகத்தில் ஹரியின் ஹெட்போன் உடைந்து சில நாட்களாகிவிட்டன. சரிபார்ப்பு அழைப்புகளை அவன் லேப்டாப் ஸ்பீக்கரில்தான் பேசிக்கொண்டிருந்தான். முன்பு இரவு ஷிஃப்டில் அமெரிக்கர்களுக்குக் காப்பீடு விற்றவன். ரூஹி மாதிரி வீடு வீடாகப் போகிறவர்கள் வாங்கி வந்த பதில் நிஜமா என்று போன் போட்டுக் கேட்பது இப்போது அவன் வேலை. குரல் மட்டும் பழையதுதான். எதிரில் யார் செத்துக்கொண்டிருந்தாலும் நன்றி சொல்லி முடிக்கிற குரல்.

வெளிநாட்டுப் பணத்தில் குப்பத்து ஆண்களுக்கு வகுப்பு நடந்தது. பெண்டாட்டியை அடிக்கக் கூடாது என்று சொல்லித்தரும் வகுப்பு. டீ, சமோசா, முடிவில் 'நான் கை ஓங்க மாட்டேன்' என்று அச்சடித்த நீல டீ-ஷர்ட். அடி குறைந்ததா என்று அளப்பதுதான் இவர்கள் நிறுவனத்தின் வேலை. வகுப்பை முடித்தவனின் மனைவி இன்னும் அடி வாங்குவதாகச் சொன்னால், அந்தப் பதில் சந்தேகப் பட்டியலில் சேர்ந்துவிடும். சந்தேகப்படுவது அவனை அல்ல, அவளை.

"ஜான்சி இருக்காங்களா?" என்றான் ஹரி.

ரூஹி எழுந்துவிட்டாள். நொச்சிக்குப்பத்து ஜான்சி. காதுக்குப் பின்னால் இருந்த தையலை முடியை ஒதுக்கிக் காட்டியவள். போன் நம்பர் போடாமல் டேப்லெட் அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. "ஒரு போன்தான் கீது, அதும் அவுருது" என்று சொல்லித்தான் ஜான்சி நம்பரைக் கொடுத்தாள். ரூஹி அதையே அடித்தாள். அப்புறம் மனப்பாடமாகச் சொல்கிற வரியைச் சொன்னாள்: நீங்க சொல்றது வேற யாருக்கும் தெரியாதுக்கா.

"ஹரி, கட் பண்ணு. அது அந்தாளு நம்பர்."

ஹரி ஒரு விரலைத் தூக்கி அவளைப் பொறுக்கச் சொன்னான்.

"அவ கை ஈரமா கீது, மீன் அறுத்துக்கினு கீறா," என்றது ஆண் குரல். "ஸ்பீக்கர்ல போடறேன், பேசு."

ஹரி திரையைப் பார்த்துப் படித்தான். "மேடம், போன ஒரு வருஷத்துல கணவர் உங்களை அறைஞ்சது, உதைச்சது உண்டான்னு கேட்டதுக்கு 'அடிக்கடி'ன்னு சொல்லியிருக்கீங்க. அது சரிதானுங்களா?"

கத்தி கட்டையில் இறங்கும் சத்தம் நின்றது.

"நான் அப்டிலாம் சொல்லவே இல்லீங்களே," என்றாள் ஜான்சி. அது ஹரிக்குச் சொன்ன பதில் இல்லை, பக்கத்தில் நிற்பவனுக்குச் சொன்னது.

பிறகு ஒரு சத்தம். ஈரத்துணியைத் துவைகல்லில் அடித்த மாதிரி. இன்னொன்று. ஒரு கிழவி "வேணாண்டா வைரவா" என்று கத்தினாள். இணைப்பு அறுந்தது.

ஹரியின் விரல் விசைப்பலகை மேல் நின்றது.

"அப்ப... பதிலை 'இல்லை'ன்னு மாத்தணுமா?"

ரூஹி ஸ்கூட்டி சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

லஸ் சிக்னலில் எல்லாரும் ஒழுங்காக நின்றார்கள். அவளும் நின்றாள், அதற்காகத் தன்னையே வெறுத்தபடி. போலீசைக் கூப்பிட்டாள். எந்த ஸ்டேஷன் எல்லை என்று கேட்டார்கள், பெயர் கேட்டார்கள், நீங்கள் யார் என்று கேட்டார்கள். சர்வே எடுக்கிறவள் என்றாள்.

லூப் ரோட்டில் கூட்டம் வளையம் கட்டியிருந்தது. வாடிக்கையாளர் ஒருவர் கட்டையிலிருந்து தன் வஞ்சிரத் துண்டுகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வைரவன் மறுபடி ஜான்சியின் கொண்டையைப் பிடித்து முகத்தை ஐஸ் பெட்டி விளிம்பில் மோதினான். அவசரமே இல்லாமல், நங்கூரக் கயிறு இழுப்பவனைப் போல. நீல டீ-ஷர்ட் கடை மேல் படுதாவோடு சேர்த்துக் கட்டியிருந்தது, வெயிலுக்கு.

ரூஹி அவன் கையைப் பிடித்தாள். முழங்கை அவள் தாடையில் இறங்கியது. வாயில் இரும்பு ருசி.

"வாம்மா," என்றான் வைரவன். "நீதான அது? டீ குட்ச்சிட்டு எய்திக்கினு போனவ? இப்பயும் எய்திக்கோ."

அவன் ரூஹியைப் பார்த்துத் திரும்பிய அந்த நேரம் ஜான்சிக்குப் போதுமானதாக இருந்தது. கை கட்டையைத் துழாவிக் கத்தியை எடுத்தது. மீனை எங்கே அறுக்க வேண்டும் என்று பார்க்காமலே தெரிந்த கை. அவன் முன்கையில் நீளமாக ஒரே இழுப்பு. வைரவன் கத்தவில்லை. பிளந்த சதையை ஆச்சரியமாகப் பார்த்தான். கால் மடங்கி உட்கார்ந்தான். அவன் அம்மா கெங்கம்மா முந்தானையால் அதைச் சுற்றிக்கொண்டே மருமகளைத் திட்டினாள். நடுவில் மகனையும் திட்டினாள்.

வளையம் இரண்டடி பின்னால் போனது. இப்போதுதான் ஒருவன் ஆட்டோ பிடிக்கப் போனான்.

ஜான்சி கத்தியைக் கீழே வைக்கவில்லை. ஒரு கண் மூடிவிட்டது. ரூஹியையே பார்த்தாள்.

"யாருக்கும் தெரியாதுன்ன."

"அக்கா, நான்..."

"சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

ஐஸ் மேல், சங்கரா மீன்களுக்கு நடுவே, வைரவனின் போன் அடித்தது. அலுவலக எண். பாதியில் நின்ற அழைப்பைக் கணினியே மறுபடி வரிசையில் போடும், காலியாக இருக்கும் யாரிடமாவது போகும். ரூஹி அதை எடுத்து அணைக்கக் கை நீட்டினாள்.

ஜான்சி முந்திக்கொண்டாள். விரலால் தேய்த்தாள். செதிலும் ரத்தமும் இருந்த விரலைத் திரை ஏற்கவில்லை. இன்னொரு முறை தேய்த்தாள். போனை ரூஹியிடம் நீட்டினாள்.

"உன் கைதான் காஞ்சி கீது. அமுக்கு."

"வேணாங்க்கா. இவரு முன்னாடி வேணாம்."

"இவுரு முன்னாடிதான் கேட்டாங்க. அமுக்குமே."

வைரவன் தலை நிமிர்ந்தான். கெங்கம்மாவின் முந்தானை முழுக்கச் சிவந்திருந்தது. ரூஹி அமுக்கினாள்.

"வணக்கம்ங்க, ஜான்சி மேடமா?" ஹரி இல்லை, புதுப் பெண் யாரோ, இனிமையான குரல். "ஒரு சின்ன சரிபார்ப்புதான். இப்ப பேச வசதியா இருக்குமா?"

ஜான்சி போனை வாய்க்கு அருகில் கொண்டுபோனாள். கீழுதட்டிலிருந்து நூலாக இறங்கிய ரத்தம் வெளிச்சமான திரையில் சொட்டியது. மறு கையில் கத்தி அப்படியே இருந்தது.

"கேளும்மா," என்றாள்.