பாஸ்போர்ட்டில் பிறந்தவர்

நாகவள்ளி ஒரு நாளைக்கு நாற்பது தடவை கை கழுவுகிறவள். அவளுக்குக் கை கழுவக் கற்றுக்கொடுக்க ஐம்பது நிமிட வீடியோ ஒன்று இருந்தது. அதையும் அதுபோல இன்னும் பல வீடியோக்களையும் பார்த்து முடித்தால்தான் நர்சிங் அசிஸ்டென்ட் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியும். ஓட்டிவிட்டுப் பார்க்கவும் வழியில்லை, பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி வந்து குறுக்கே நிற்கும். வளைகுடா நாட்டில், கராமாவின் பழைய கட்டிடம் ஒன்றின் மூன்றாம் மாடி அடுக்களையில் போனைச் சீனி டப்பாமேல் சாய்த்துவைத்து, கஞ்சி கிண்டிக்கொண்டே பார்த்தாள். வீட்டுக்கார அம்மா ஜொஹராவும் கூட நின்று பார்த்தார். இரண்டு வாரத்தில் ஜொஹராவுக்குக் கேள்வி வருவதற்கு முன்பே பதில் வந்தது. லைசென்ஸ் யாருக்கு என்பதில்தான் கொஞ்சம் குழப்பம்.

நாகவள்ளிக்கு ஊர் கமுதிப் பக்கம். நான்கு வருடமாக ஜொஹராவின் கணவர் செய்கு அலாவுதீனை இந்த வீட்டிலேயே தங்கிப் பார்த்துக்கொள்கிறாள். அவர் கீழக்கரைக்காரர், தேராவில் கடிகாரக் கடை வைத்திருந்தவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய் விழவில்லை. மகன் சாகிருக்கு புஜைராவில் வேலை. வாரக் கடைசியில் வந்து வாப்பாவின் திட்டை வாங்கிக்கொண்டு போவான்.

வீடியோக்கள் முடிந்தன. நின்றுபோன இதயத்தை அமுக்கி ஓடவைக்கும் பயிற்சிக்கும் போய்வந்தாள். முப்பது பேர் வரிசையாகப் பிளாஸ்டிக் பொம்மைகளின் நெஞ்சை அமுக்கினார்கள், பொம்மைகள் பிழைத்துக்கொண்டன, அதற்கும் ஒரு கார்டு கொடுத்தார்கள். பாக்கி இருந்தது, இந்த வருடம் புதிதாக வந்த பரீச்சை ஒன்றுதான். கம்பெனியின் பயிற்சி அதிகாரி வீட்டுக்கே வந்து, படுக்கையிலிருந்து நோயாளியைச் சக்கர நாற்காலிக்கு மாற்றுவதைப் பார்த்து மார்க் போடுவார். மொத்தம் இருபத்திரண்டு படிகள். அதில் தவறினால் வியாழக்கிழமையோடு லைசென்ஸ் காலாவதி. லைசென்ஸ் இல்லாதவளுக்கு விசா எதற்கு? மதுரையில் நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கும் மகள் அருணாவின் படிப்பு இந்த இருபத்திரண்டு படிகளின் மேல்தான் நின்றுகொண்டிருந்தது.

இருபத்தொரு படிகளை நாகவள்ளி தூக்கத்திலும் செய்வாள். மூன்றாவது படிதான் தொண்டையில் சிக்கிய முள். நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் அவருடைய முழுப்பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, அவருடைய அடையாளக் கார்டோடு ஒப்பிட வேண்டும். நான்கு வருடம் குளிப்பாட்டிவிட்ட மனிதரிடம் போய் நீங்கள் யார் என்று கேட்பதா? கமுதியிலும் சரி, கீழக்கரையிலும் சரி, பெரிய மனிதரிடம் பேர் என்ன என்று முகத்துக்கு நேரே கேட்பவர்கள் போலீஸ்காரரும் பத்திர ஆபீஸ்காரரும்தான்.

ஞாயிற்றுக்கிழமை துணிந்து ஒத்திகை பார்த்தாள். "மொதலாளி, ஒங்க பேரச் சொல்லுங்க" என்றாள். செய்கு அலாவுதீன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். ஜொஹரா போய்ப் பக்குவமாக விளக்கியபின், பரீச்சை அன்று கேட்டால் சொல்வதாகவும் ஒத்திகைக்கெல்லாம் பேர் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்றும் தகவல் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பயிற்சி அதிகாரி ருமைஸா வந்தாள். மேலப்பாளையத்துக் குடும்பம், வளர்ந்தது தம்மாமில். முப்பது வயதிருக்கும். சிரிப்பதற்கும் தனியாக ஒரு படிவம் வைத்திருப்பாள் போலும், அன்றைக்கு அதை எடுத்துவரவில்லை. ஜொஹரா கொடுத்த வட்டலப்பத்தை மரியாதையாக மறுத்துவிட்டு, டேப்லெட்டைக் கையில் ஏந்திக் கட்டிலின் கால்மாட்டில் நின்றாள்.

முதல் படி, நாகவள்ளி கை கழுவினாள். இரண்டாவது, தன்னை அறிமுகம் செய்துகொண்டாள். நான்கு வருடம் கழித்து நாகவள்ளி யார் என்று தெரிந்துகொண்டதில் கிழவர் தலையசைத்தார். மூன்றாவது படியில் அவருடைய அடையாள அட்டையைக் கையில் எடுத்தாள். பேரையும் பிறந்த தேதியையும் கேட்டேவிட்டாள்.

செய்கு அலாவுதீன் தன் பேரையும், தன் வாப்பா கௌஸ் முகைதீன் பேரையும், அவருக்கு வாப்பா பேரையும் கணீரென்று சொன்னார். பிறகு பிறந்த தேதி. "ஹிஜ்ரி ஆயிரத்து முன்னூத்தி எழுவத்து மூணு, ரஜப் பிறை பதினாலு, வெள்ளிக்கெழம. இங்கிலீசுல அம்பத்தி நாலு, மார்ச் பத்தொம்பது."

கையிலிருந்த அடையாள அட்டையில் 1949, ஜூலை 1 என்று இருந்தது.

விஷயம் ஜொஹராவுக்குத் தெரியும். நாகவள்ளிக்கு அந்த நிமிடம்தான் தெரிந்தது. பதினாறு வயதில் கப்பலேற வந்தவருக்கு பம்பாயில் ஏஜென்ட் ஒருவன் ஐந்து வயதைக் கூட்டிப் பாஸ்போர்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். ஐம்பது வருடத்துக்கு மேலாக விசா, வங்கி, ஆஸ்பத்திரி எல்லா இடத்திலும் அந்த ஜூலை ஒன்றையே சொல்லி வந்தவர், இன்றைக்குப் பார்த்து மார்ச்சில் பிறந்துவிட்டார்.

பொருந்தாவிட்டால் நோயாளியைத் தொடக்கூடாது, மேலதிகாரிக்குப் போனில் தகவல் சொல்ல வேண்டும் என்பது விதி. நாகவள்ளி போனை எடுத்து மேலதிகாரியை அழைத்தாள். ருமைஸாவின் கைப்பை ஒலித்தது. ருமைஸா எடுத்துக் காதில் வைத்தாள்.

நோயாளியின் அடையாளம் பொருந்தவில்லை என்று நாகவள்ளி மூன்றடி தூரத்திலிருந்து போனில் தெரிவித்தாள். எந்த நோயாளி, எந்த வீடு என்று ருமைஸா போனிலேயே விசாரித்துக் குறித்துக்கொண்டாள். பிறகு போனை வைத்துவிட்டு, தகவல் சொன்ன முறை சரி என்றும், ஆனால் மூன்றாவது படி முடியாமல் நான்காவதுக்குப் போக முடியாது என்றும் சொன்னாள்.

"மொதலாளி, கார்டுல வந்து..." என்று நாகவள்ளி ஆரம்பித்தாள். நோயாளிக்கு எடுத்துக்கொடுக்கக் கூடாது என்றாள் ருமைஸா.

கிழவருக்குப் புரிந்துவிட்டது. "கார்டுல உள்ளது எனக்குத் தெரியும்" என்றார். "அது பொய். கட்டில்ல விழுந்த அன்னைக்கே தவ்பா செஞ்சுட்டேன், இனி பொய் பேசுறதில்லன்னு. அதுலயும் இது இவ சோறு. இவ சோத்துல பொய்யக் கலக்க மாட்டேன்."

நாகவள்ளிக்கு அவர் காலைப் பிடித்து அழ வேண்டும்போலவும் இருந்தது, தலையைச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. மூன்றாவது படி முடியாததால் காலைத் தொட முடியாது. நான்கு வருடத்தில் யாரும் அவளுக்காக இப்படிப் பிடிவாதம் பிடித்ததில்லை. பிடித்தவர் அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுக்கொண்டிருந்தார்.

ருமைஸா படிவத்தைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒரு வழி இருந்தது. நோயாளி சொல்வது பொருந்தாதபோது, வீட்டிலுள்ள உறவினர் ஒருவர் முழுப்பெயரையும் தேதியையும் வாயால் சொல்லி உறுதி செய்யலாம்.

எல்லோரும் ஜொஹராவைப் பார்த்தார்கள்.

"பாஸ்போர்ட் தேதிய நான் சொல்றேன்" என்று ஜொஹரா முன்னால் வந்தார். "தவ்பா செஞ்சது அவுக. நான் செய்யல."

நோயாளியின் முழுப்பெயர் என்ன என்று ருமைஸா கேட்டாள்.

"சாகிர் வாப்பா."

அது பெயர் இல்லை என்றாள் ருமைஸா. ஊருக்கே தெரிந்த பெயர் என்றார் ஜொஹரா. கார்டில் அப்படி இல்லை என்றாள் ருமைஸா.

ஜொஹராவுக்கு முகம் வேர்த்தது. நாற்பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. சாகிர் பிறக்கும்வரை 'அவுக', பிறந்தபின் 'சாகிர் வாப்பா'. ஆஸ்பத்திரியில் கேட்டால் கார்டை நீட்டுவார். அதே பேரில் கீழக்கரையில் ஒரு மளிகைக் கடை இருந்ததால் அந்தக் கடையைக்கூட 'பள்ளிவாசல் பக்கத்துக் கடை' என்பார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அவர் நாக்குக்கு அது வராது.

"வேண்டாம் ராத்தா" என்றாள் நாகவள்ளி. மனதாரத்தான் சொன்னாள். ஒருவரைத் தவ்பாவை உடைக்கவைத்தும், இன்னொருவரை நாக்கை உடைக்கவைத்தும் வாங்குகிற லைசென்ஸ் எதற்கு? "விசா போனாப் போகுது. ஊருல பாத்துக்கிறேன்."

ஜொஹரா அவளை ஒரு பார்வை பார்த்தார். தலைத்துணியை முகத்தின் மேல் இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து நின்று ஏதோ முணுமுணுத்தார்.

"கேட்கவில்லை" என்றாள் ருமைஸா. உண்மையிலேயே கேட்கவில்லை.

"செய்கு அலாவுதீன்" என்றார் ஜொஹரா, உரக்க. "நாப்பத்தொம்பது, ஜூலை ஒண்ணு."

ருமைஸா டேப்லெட்டில் ஒரு தட்டுத் தட்டினாள். அடையாளம் பொருந்தியது. ஜொஹரா விறுவிறுவென்று அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

மற்ற படிகள் ஆறு நிமிடத்தில் முடிந்தன. நாகவள்ளி கிழவரின் இடுப்பில் பெல்ட் கட்டி, காலை ஊன்றவைத்து, ஒன்று இரண்டு மூன்று என்று எழுப்பினாள். வழக்கமாக அந்த மூன்றுக்குள் முப்பது வசவு வைக்கும் கிழவர் சொன்னபடி எழுந்து சொன்னபடி உட்கார்ந்தார். கண் மட்டும் அடுக்களை வாசலிலேயே இருந்தது. இருபத்திரண்டாவது படி, விலகுவதற்கு முன் நோயாளிக்கு வேறு ஏதும் தேவையா என்று கேட்பது.

"வேற ஏதும் வேணுமா மொதலாளி?"

"அவள இன்னொரு தடவ சொல்லச் சொல்லு."

குழாய் நின்றது. "அது பரீச்சைக்குச் சொன்னது" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது.

நோயாளியின் கோரிக்கை கேட்கப்பட்டது என்று ருமைஸா பதிந்துகொண்டாள். நாகவள்ளி தேர்ச்சி, முடிவை இன்றைக்கே அனுப்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நாகவள்ளி கதவைச் சாத்தி, அதிலேயே சாய்ந்து ஒரு பாட்டம் அழுது, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

நாற்காலியில் செய்கு அலாவுதீன் இடது கை விரல்களை மடக்கி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார்.

"அடுத்த பரீச்ச எப்ப?"

"வருசத்துக்கு ஒருக்க மொதலாளி."

ஒரு மாதமாக ரத்த அழுத்த மாத்திரையை, இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்று துப்பிக்கொண்டிருந்தவர் அவர். கெஞ்சியும் அதட்டியும் நாகவள்ளி ஓய்ந்துபோயிருந்தாள்.

"சரி" என்றார். "அந்த மாத்திரையக் கொண்டா."